ஓசையே வழித்துணை

எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்பதை நம் தேசூரில் தெருவில் நடந்தபடியே காதால் அறிகிறோம். அந்தக் காதையே நம்பி உலகைச் சுற்றியவர் ஜேம்ஸ் ஹோல்மன்.

இங்கிலாந்தின் எக்செட்டர் நகரில் 1786-ல் பிறந்த இவர், 12 வயதில் கடற்படையில் சேர்ந்தார். 25 வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆனாலும் முடங்கவில்லை. இரும்பு முனையுள்ள கைத்தடியைத் தரையில் தட்டுவார். சுவர் அருகில் இருந்தால் எதிரொலி ஒருவிதம். திறந்த வெளி என்றால் வேறுவிதம். அந்த வேறுபாடே அவருக்கு வழிகாட்டியது.

1821-ல் வெசுவியஸ் எரிமலையில் ஏறினார். பின்னர் சைபீரியா வரை சென்றவரை ரஷ்ய அரசு உளவாளி எனச் சந்தேகித்து நாட்டைவிட்டு வெளியேற்றியது. சோர்ந்துவிடாமல் 1827 முதல் 1832 வரை உலகைச் சுற்றினார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். 1857-ல் லண்டனில் மறைந்தார்.

இன்று நாக்கைச் சொடுக்கி, அதன் எதிரொலியால் வழியறியும் பயிற்சி பார்வையற்றோருக்குத் தரப்படுகிறது. எனவே நம் ஆலய வாசலில் அவர்களைக் கண்டதும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உதவி வேண்டுமா என்று முதலில் கேட்போம். வேண்டாம் என்றால், அவர்கள் வழியைக் காதால் கண்டுகொள்ளச் சற்று அமைதி தருவோம். அதுவும் அன்புப் பணியே.