சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

ஊமைப் படக் காலத்து நகைச்சுவை என்றதும் நம் எல்லோருக்கும் சார்லி சாப்ளின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவருக்கு இணையாகப் போற்றத்தக்க இன்னொருவரும் உண்டு. அவர் பஸ்டர் கீட்டன். திரையில் அவர் சிரிப்பதே அபூர்வம். பார்த்தவர்களோ வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

1895 அக்டோபர் 4-ம் தேதி அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று மேடை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தவர்கள். சின்னஞ்சிறு வயதிலேயே மகனும் மேடை ஏறினார். தந்தை அவரைத் தூக்கி வீசுவதுதான் நிகழ்ச்சி! தான் சிரித்தால் ரசிகர்கள் சிரிப்பதில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் சிரிக்கிறார்கள் என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். அதுவே அவருடைய ஆயுள் மூலதனம் ஆயிற்று.

1917-ல் சினிமாவில் நுழைந்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று திரும்பியபோது காது மந்தமாகியிருந்தது. 1920 முதல் தம் சொந்தக் குழுவுடன் படம் எடுத்தார். ஆபத்தான காட்சிகளில் தாமே நடித்தார். 1924-ல் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் ரயில் பாதையோரத் தண்ணீர்க் குழாயிலிருந்து பாய்ந்த வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது.

ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கு அவர் படங்களில் மிகவும் பிடித்தது 1926-ல் வந்த 'தி ஜெனரல்'. உள்நாட்டுப் போரின்போது எதிரிகள் கடத்திச் சென்ற என்ஜினைத் தன்னந்தனியாக விரட்டிப் போகும் டிரைவரின் கதை. என்ஜின் சக்கரங்களை இணைக்கும் கம்பியில் சோகமாக உட்கார்ந்திருப்பார். என்ஜின் புறப்படும், அவரும் மேலும் கீழுமாகப் போவார். சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால் உயிரே போயிருக்கும். எரியும் பாலத்தில் நிஜ என்ஜினையே ஓட்டி ஆற்றில் விழச் செய்தார்.

இத்தனை உழைத்தும் படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1928-ல் சொந்தக் குழுவை விட்டு எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்தார். சாப்ளின் வேண்டாமென்று எச்சரித்தும் கேட்கவில்லை. சம்பளம் இருந்தது, சுதந்திரம் பறிபோயிற்று. தம் வாழ்வின் பெரிய தவறு அதுவே என்று பின்னாளில் அவரே வருந்தினார். குடிப் பழக்கம் முற்றியது. 1932-ல் மண வாழ்க்கை முறிந்தது. மறு ஆண்டு வேலையும் போயிற்று.

ஆனாலும் அவர் மூலையில் முடங்கவில்லை. நாயகனாக நடித்த அதே கம்பெனியில், பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சி யோசித்துக் கொடுக்கும் சிறு சம்பள வேலையை ஏற்றார். 1940-ல் எலினார் நாரிஸை மணந்தார்; வாழ்வு நிலைபெற்றது. தொலைக்காட்சி வந்ததும் புதிய தலைமுறை அவரை அறிந்தது. 1952-ல் சாப்ளினுடன் 'லைம்லைட்' படத்தில் தோன்றினார். 1960-ல் சிறப்பு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1965-ல் எழுபது வயதை நெருங்கிய நிலையில், ரயில் பாதையில் ஓடும் மோட்டார் டிராலியில் கனடாவைக் கடக்கும் ஒரு குறும்படத்திலும் நடித்தார். 1966 பிப்ரவரி 1-ம் தேதி காலமானார்.

ஆற்றில் விழுந்த என்ஜின், இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பாகப் போய்விட்டது. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட படமோ, 1989-ல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் முதல் பட்டியலிலேயே இடம் பெற்றது. வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பாருங்கள். வெளி மாநிலத்தில் பாஷை தெரியாமல் திண்டாடும் நமக்கு, இந்தப் படத்தை ரசிக்க எந்தப் பாஷையும் தேவையில்லை.