மரத்தடி மருத்துவர்

ஐடா ஸ்கடர் 1870இல் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் படித்த அவர், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஓர் இரவு, மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் உதவி கேட்டு வந்தனர். அவர்களுடைய மனைவியர் பிரசவ வேதனையில் துடித்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால், வேற்று ஆண் தம் மனைவியைத் தொடுவது வழக்கமன்று என்று மூவரும் மறுத்துவிட்டனர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவு அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா, மறு ஆண்டு வேலூரில் தம் பெற்றோரின் வீட்டிலேயே சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை உருவானது. ஆயினும், தொலைவிலிருந்த சிற்றூர் மக்கள் பலரால் அங்கு வர இயலவில்லை. எனவே, ஐடாவே மருந்துப் பெட்டியுடன் அவர்களைத் தேடிச் சென்றார். சாலையோர மரத்தடிகளில் நோயாளிகள் அவருக்காகக் காத்திருந்தனர். புண்களைக் கழுவிக் கட்டுப்போடுவதும் மருந்து கொடுப்பதும் அங்கேயே நடந்தன.

ஒருவரால் எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? ஆகவே, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. ஐடா 1960இல் மறைந்தார். அன்றிரவு அவரால் செய்ய முடியாத உதவியை, அவர் உருவாக்கிய மருத்துவர்கள் ஊர்தோறும் செய்தனர்.