குரலை இழந்து மீட்ட சுவீடனின் இசைக்குயில்

புகழின் உச்சியில் நிற்கும் வேளையிலேயே மேடையைவிட்டு இறங்கும் துணிவு கலைஞர்களுள் மிகச் சிலருக்கே வாய்க்கின்றது. ஈட்டிய பெரும் பொருளில் பெரும் பகுதியை ஏழைச் சிறாரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வழங்கியவர்கள் அவர்களிலும் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தமது குரலால் ஆட்கொண்ட ஜெனி லிண்ட் இவ்விரு வகையிலும் நினைக்கத்தக்கவர். அவரது வெற்றிகளுக்கெல்லாம் அடித்தளமிட்டது, இருபதாவது வயதில் அவர் கைக்கொள்ள நேர்ந்த ஆறு வார கால மௌனமாகும்.

1820 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் ஜெனி லிண்ட் பிறந்தார். அப்போது அவரது பெற்றோர் திருமணம் செய்திருக்கவில்லை. தாய் வீட்டிலேயே சிறுமியருக்கான பாடசாலையொன்றை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். ஒன்பது வயதிருக்கையில், யன்னலோரம் அமர்ந்து தனது பூனைக்காகப் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரல், வீதியால் சென்ற பணிப்பெண் ஒருவரின் செவியில் விழுந்தது. அப்பணிப்பெண்ணின் எசமானி அரச நாடக அரங்கின் நடனக் கலைஞர். அவ்வழியாக அரங்கின் பயிற்சிப் பள்ளியில் சிறுமிக்கு இடம் கிடைத்தது.

ஒப்பேரா எனப்படும் மேலைத்தேய இசை நாடகத்தில் கதை பெரும்பாலும் பாடல் வழியாகவே நகரும். ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரியதொரு வாத்தியக் குழுவின் ஒலியையும் கடந்து, அரங்கின் கடைசி வரிசைவரை பாடகரின் குரல் எட்டவேண்டும். பெண் குரல்களுள் மிக உயர்ந்த ஸ்தாயியில் ஒலிப்பது சொப்ரானோ எனப்படும். 1838 மார்ச் 7 ஆம் திகதி, பதினேழு வயதில், வேபரின் இசை நாடகமொன்றில் முதன்மைப் பாத்திரமேற்றுப் பாடிய ஜெனி, அன்றிரவே ஸ்டொக்ஹோமின் நட்சத்திரமானார். முறையான குரற்பயிற்சி போதாத நிலையில் அடுத்தடுத்துப் பாத்திரங்களை ஏற்றுப் பாடியமையால் மூன்றே ஆண்டுகளில் அக்குரல் நைந்துபோயிற்று.

1841 ஆம் ஆண்டு, தமது சேமிப்புடன் பாரிஸ் நகரை அடைந்த அவர், புகழ்பெற்ற குரலிசை ஆசிரியரான மனுவெல் கார்சியாவின் முன் பாடினார். குரல் போய்விட்டதென்றும், இந்நிலையில் கற்பிப்பதிற் பயனில்லையென்றும் அந்த ஆசிரியர் தீர்ப்பளித்தார். தம் ஊரில் அரசவைப் பாடகியென்ற பட்டம் பெற்றிருந்த இளம்பெண்ணுக்கு இதைவிடப் பேரிடி வேறில்லை. ஆறு வாரங்கள் பாடவே கூடாது, இயன்றவரை பேசவும் கூடாது, அதன் பின்னர் வந்தால் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம் என்பதே அவருக்குக் கிடைத்த ஒரே நம்பிக்கை. அவர் அதனை அட்சரம் பிசகாது கடைப்பிடித்தார். பின்னர் மூச்சை ஆளும் முறையிலிருந்து தொடங்கி ஏறத்தாழப் பத்து மாதங்கள் அனைத்தையும் புதிதாகக் கற்றார். இதே கார்சியா, 1854 இல் சிறு கண்ணாடியின் துணைகொண்டு பாடும்போது குரல்வளை இயங்குவதை நேரில் கண்டறிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1842 இல் தாயகம் திரும்பிய ஜெனியின் குரலை மக்கள் புதியதொரு குரலாகவே கேட்டனர். கோபன்ஹேகன், பேர்லின், வியன்னா என அவரது புகழ் பரவியது. டென்மார்க்கின் கதாசிரியர் அன்டர்சன் அவர்மீது நிறைவேறாத காதல் கொண்டார். இசைமேதை மென்டெல்சோன் நெருங்கிய நண்பரானார். 1847 மே 4 ஆம் திகதி லண்டனில் முதன்முறை பாடியபோது விக்டோரியா மகாராணியும் அவையில் இருந்தார். எனினும் இவ்வாழ்வு குறையற்றதன்று. வேறொரு லண்டன் அரங்குடன் முன்னர் செய்த ஒப்பந்தத்தை மீறியமைக்காக 2,500 பவுண் நட்டஈடு செலுத்துமாறு 1848 இல் நீதிமன்றம் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தது.

1849 மே 10 ஆம் திகதி, இருபத்தெட்டே வயதில், ஒப்பேரா மேடையை அவர் நிரந்தரமாகத் துறந்தார். ஆழ்ந்த சமயப்பற்றும் அரங்க வாழ்வின் மீதான சலிப்பும் இம்முடிவுக்கு வழிகோலின. வேடமேற்று நடிப்பதைக் கைவிட்டாரேயன்றிப் பாடுவதைக் கைவிடவில்லை.

இந்நிலையிற்றான் அமெரிக்கக் காட்சி வணிகரான பார்னம் அவரை அழைத்தார். அவர் ஜெனியின் குரலை ஒருமுறையேனும் கேட்டதில்லை. 150 கச்சேரிகள், ஒவ்வொன்றுக்கும் 1,000 டொலர், முழுத் தொகையும் முற்பணமாக வங்கியில் வைப்பு என ஒப்பந்தமாயிற்று. 1850 செப்டெம்பர் 1 ஆம் திகதி நியூயோர்க் துறைமுகத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அனுமதிச் சீட்டுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. முதலாவது சீட்டைத் தொப்பி வணிகர் ஒருவர் 225 டொலருக்கு வாங்கினார். முதற் கச்சேரியில் தமது பங்காகக் கிடைத்த ஏறத்தாழ 10,000 டொலரையும் நியூயோர்க்கின் அறநிலையங்களுக்கே ஜெனி வழங்கினார். தம்மை விற்பனைச் சரக்காக்கிய விளம்பர ஆரவாரத்தில் மனங்கசந்து, 1851 இல் பார்னத்தைப் பிரிந்து தாமாகவே பயணத்தைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ மூன்றரை இலட்சம் டொலர். அதில் பெரும் பகுதி சுவீடனில் வறிய பிள்ளைகளுக்கான இலவசப் பாடசாலைகள் முதலிய அறப்பணிகளுக்குச் சென்றது.

1852 இல் பியானோக் கலைஞர் ஒட்டோ கோல்ட்ஸ்மித்தைப் பொஸ்டனில் மணந்த அவர், பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். 1883 இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ரோயல் இசைக் கல்லூரியில் பேராசிரியராகிப் பெண்களுக்குக் குரலிசை கற்பித்தார். தாம் பாரிஸில் பட்டுத் தேறியதைப் பிறர் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வழிசெய்தாரெனலாம். 1887 நவம்பர் 2 ஆம் திகதி மல்வெர்ன் மலைப்பகுதியிலுள்ள இல்லத்தில் காலமானார்.

அவரது குரலின் ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. சுவீடன் 1996 இல் அவரது உருவத்துடன் வெளியிட்ட 50 குரோனர் நாணயத்தாளும் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும், 1849 இல் இங்கிலாந்தின் நொரிச் நகரில் அவர் பாடித் திரட்டிய நிதியைக்கொண்டு 1854 இல் நோயுற்ற சிறாருக்கான மருத்துவமனையொன்று அங்கு திறக்கப்பட்டது. அந்நகரின் சிறுவர் மருத்துவமனை இன்றும் ஜெனி லிண்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்கு சிகிச்சை பெறும் குழந்தைகளுள் எவரும் அவர் பாடிக் கேட்டதில்லை. ஆயினும் அக்குரலின் பயனை அவர்கள் இன்றும் அனுபவிக்கின்றனர்.