விபுலாநந்த அடிகளாரும் நாடகத்தமிழும்

ஈழத்தின் கீழ்கரையிலே, மட்டக்களப்புத் தமிழகத்தின் தென்பாகத்தே, ஒருபால் கடலும் ஒருபால் வயலுமாக அமைந்த ஊர் காரைதீவு. ஆங்குள்ள கண்ணகியம்மன் ஆலயத்திலே வைகாசித் திங்களில் நிகழும் சடங்கும் குளிர்த்தியும் அவ்வூரார் வாழ்வோடு ஒன்றியவை. ஏட்டையும் எழுத்தையும் அறியாத முதியோரும் கோவலன் கதையை முற்றும் அறிந்திருத்தல் அப்பகுதியின் இயல்பு. அத்தகைய ஊரிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்த் தோன்றியவர் மயில்வாகனனார். இவரே பின்னர் விபுலாநந்த அடிகள் எனத் துறவுப் பெயர் பூண்டவர். சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியதும் அதே 1892ஆம் ஆண்டே. அந்நூலும் இப்பிள்ளையும் ஒரே ஆண்டில் உலகிற்கு வந்தமையைத் தற்செயல் என்றே கொள்ளலாம். ஆயினும் அவ்வுரையை வாழ்நாளெல்லாம் துருவித் துருவி ஆராய்ந்தவர் இவர் என்பதை நினையுந்தோறும் ஓர் இன்பம் உண்டாகின்றது.

அடிகளின் சமயப்பணியையும் கல்விப்பணியையும் நம் ஆசிரியர் யாவரும் அறிவர். நாடகத்தமிழின் பொருட்டு அவர் செய்ததோ அத்துணை அறியப்பட்டிலது. ஆதலின் ஈண்டு அதனையே முதன்மையாகக் கொண்டு அவர்தம் வரலாற்றைக் கூறுகின்றாம்.

இளமைக் கல்வி கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் நிகழ்ந்தது. தமிழையும் வடமொழியையும் புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் கேட்டார். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் புகுந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்விலே தேறி, ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வராயினார். அதனோடு அமையாது விஞ்ஞானமும் பயின்று 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டமும் எய்தினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்ததும், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்ததும், 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவுதற்கு முன்னின்றதும் இக்காலத்தன. அச்சங்கத்தின் பிரவேச, பாலபண்டித, பண்டிதத் தேர்வுகளால் தமிழறிவு முதிர்ந்த சைவாசிரியர் தொகை சிறிதன்று.

1922இல் யாவற்றையும் விடுத்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயரோடு இரண்டாண்டு அங்கு வைகி, 1924இல் சித்திராபௌர்ணமியன்று சிவாநந்த சுவாமிகளாற் காவி அளிக்கப்பெற்று விபுலாநந்தர் ஆயினார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் ஆண்டுவிழாவிற்கு அழைக்கப்பட்டார். துறவு பூண்டு சின்னாளே கழிந்த ஒருவர் திருமுறையைப் பற்றியோ வேதாந்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று கூடியிருந்தோர் எண்ணியிருத்தல் கூடும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாடகம்!

இதன் அருமையை உணர்தற்கு அக்காலத்துச் சைவநன்மக்களின் மனநிலையை நினைவுகூர்தல் வேண்டும். முத்தமிழ் என்று வாயாரச் சொல்வோம். ஆயின் இயலொன்றையே தமிழெனக் கொண்டு ஒழுகுவோம். இசைக்குத் தேவாரத்தின் புண்ணியத்தால் ஒருவாறு இடம் உண்டு. நாடகமோ புறக்கடையில் நிற்பது. நாவலர் பெருமான் ஆலயங்களிலே நிகழ்ந்த பொதுமகளிர் நடனத்தைக் கடிந்தமை யாவரும் அறிந்தது. அக்காலத்திலே அக்கண்டனம் வேண்டப்பட்டதே. ஆனால் பின்வந்தோர் சிலர் அதனை வரம்பின்றி விரித்து, ஆடலும் கூத்தும் எவ்விடத்தும் எவ்வாற்றானும் இழிந்தனவே என்று கொண்டுவிட்டனர். கூத்தப்பெருமானை வணங்கிக்கொண்டே கூத்தை இகழும் இந்நிலை எங்ஙனம் பொருந்தும்? பள்ளிக்கூடங்களிலும், பரிசளிப்பு விழாவிற்கு மூன்று கிழமைக்கு முன்னரே நாடகத்தின் நினைவு தோன்றும். விழா முடிந்ததும் வேடங்களோடு அதுவும் பெட்டியில் அடைபடும்.

மதுரையிலே நிகழ்த்திய பேருரையை அடிகள் விரித்தெழுத, அது செந்தமிழ்ப் பத்திரிகையிலே வெளிவந்து, 1926இல் மதங்க சூளாமணி என்னும் பெயரால் நூலாயிற்று. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். கூத்தருள் முடிமணி போல்வான் என்பது பெயரின் பொருள். ஆங்கில நாட்டு நாடகப்புலவராகிய ஷேக்ஸ்பியரையே அது சுட்டும். அப்புலவரின் பெயரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ச்செவிக்கு இயையுமாறு அடிகள் வழங்கினார்.

நூல் மூன்று இயல்களை உடையது. உறுப்பியல் நாடகத்தின் உறுப்புக்களை விளக்குகின்றது. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய பழைய நாடகநூல்கள் இறந்துபட்டன என்பது அடியார்க்குநல்லார் உரையால் அறியப்படுவது. இறந்தன போக எஞ்சிய செய்திகளை அவ்வுரையினின்றே தொகுத்து, சுவை, அவிநயம் முதலியவற்றை அடிகள் முறைப்படுத்தினார். நாடகக்கதை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாய் வளரும் என்பது பழைய இலக்கணம். உழுத நிலத்தில் வித்து முளைத்தலும், அது இலைவிட்டு வளர்தலும், கதிர் கருக்கொள்ளுதலும், அக்கதிர் முற்றுதலும், அறுத்துத் தூற்றி உண்ணுதலுமாக உரையாசிரியர் அதற்கு உவமை கூறிப்போந்தார். வயல்சூழ்ந்த ஊரிலே பிறந்தவருக்கு இவ்வுவமை எத்துணைத் தெளிவாய் விளங்கியிருக்கும்! இவ்வளவுகோலைக் கொண்டே ஐந்து அங்கங்களை உடைய ஆங்கில நாடகங்களை அடிகள் அளந்துகாட்டினார்.

எடுத்துக்காட்டியலிலே செகசிற்பியாரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, கதைப்போக்கைச் சொல்லி, சிறந்த பகுதிகளைச் செய்யுளாகப் பெயர்த்துத் தந்தார். நாடகமாந்தர்க்கும் தமிழ்ப்பெயர் அமைத்தார். மாக்பெத்து என்பான் மகபதி ஆயினான். இறுதியிலுள்ள ஒழிபியல் வடமொழியிலே தனஞ்சயன் செய்த தசரூபகத்தின் கருத்துக்களைத் தமிழர்க்கு எடுத்துரைப்பது. தமிழ், ஆரியம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஓரிடத்திலே நிறுத்தி, எதனையும் தாழ்த்தாது எதற்கும் அடிமையாகாது நோக்கிய நோக்கு இந்நூலின் தனிச்சிறப்பு என்போம்.

ஆயினும் ஒன்று சொல்லுதல் வேண்டும். இந்நூலின் செய்யுள்நடை செறிவுடையது. அதனை ஒரு பள்ளிச்சிறுவன் வாயிலே வைத்து மேடையேற்றுதல் எளிதன்று. அன்றியும், அடிகள் பிறந்த நாட்டிலேயே கண்ணெதிரே உயிரோடு நின்ற கூத்து இந்நூலின் பொருளாக அமையவில்லை. பண்டை இலக்கணமும் பிறநாட்டுப் பேரிலக்கியமுமே அதன் எல்லை.

அக்கூத்து யாது எனின், சிறிது கூறுதும். மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துக்கள் ஆடப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகளைப் பொருளாகக் கொண்டது. கரப்புடுப்பும் முடியும் தரித்த அரசர் விரைந்த ஆட்டத்தோடு களரி புகுவர். தென்மோடி பாட்டினை நீட்டிப் பாடும் இயல்பினது. ஊர்நடுவே வட்டமாய் அமைத்த களரியைச் சூழ்ந்து மாந்தர் இருப்பர். கூத்துப் பழக்கும் ஆசான் அண்ணாவியார் எனப்படுவார். மத்தளம் அவர் கையது. யார் யார் எவ்வேடம் என வகுத்துச் சட்டங்கொடுத்தலும், ஆடப்பழகியோர்க்குச் சதங்கை அணிதலும், அடுக்குப் பார்த்தலும் முறையே நிகழ, பல திங்கள் கழித்தே அரங்கேற்றம் நடைபெறும். அரங்கேற்ற நாளிலோ இரவு தொடங்கிய ஆட்டம் விடியும்வரை செல்லும். பகலில் ஏர்பிடித்த கை இரவிலே வில்பிடிக்கும். இவற்றையெல்லாம் கற்றோர் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்தனர்.

1925இல் அடிகள் ஈழத்திற்கு மீண்டு, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலே இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை மேற்கொண்டார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்று, 1933வரை அப்பதவியை வகித்தார்.

சிதம்பரத்தின் தன்மை ஆராயத்தக்கது. கோயில்நகராகிய பழைய தில்லையும், கீழ்பால் கல்வி நகராகிய அண்ணாமலைநகரும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றிலே கோபுரங்களின் உள்வாயில்தோறும் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லிலே ஆடுகின்றன. மற்றொன்றிலே அந்நாளில் மாணாக்கர் இலக்கணமும் இசையும் பயின்றனர். ஆடலுக்குரிய இறைவன் எழுந்தருளிய ஊரிலே தமிழ் கற்பிக்கப் புகுந்த பேராசிரியர், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ச்சிக்குக் கொண்டமை எவ்வளவு பொருத்தம்!

அக்காதையைப் பள்ளியிலே நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். மாதவி ஐந்தாம் ஆண்டிலே தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டிலே அரங்கேறினாள் என்பது கதை. அவள் பொருட்டு ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணம் சொல்லப்படுகின்றது. அரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது. புகவும் போதவும் இரண்டு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரை. தூண்களின் நிழல் அரங்கிலே படியாவண்ணம் வைத்த விளக்கு. இத்துணை நுணுக்கமாய் அரங்கு வகுத்த ஒரு சாதியாருக்கு நாடகம் இழிதொழில் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்ததோ அறியோம்.

யாழாசிரியன் இலக்கணத்திலே அடிகளின் உள்ளம் சிக்கிக்கொண்டது. அழிந்துபோன யாழின் உருவம் யாது, அதன் நரம்புகள் எவ்வாறு இசைகூட்டப்பட்டன, பாலைகள் எங்ஙனம் திரிந்தன என்னும் வினாக்கள் அவரைப் பல்லாண்டு விடவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் கற்ற அறிவு இவ்விடத்திலே கைகொடுத்தது. நரம்பின் நீளத்திற்கும் சுரத்தின் ஓசைக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். இதனிடையே 1937இல் கயிலைத் திருப்பயணம் செய்ததும், 1939 முதல் 1941வரை இமயத்து மாயாவதியிலே பிரபுத்த பாரத ஏட்டின் ஆசிரியராய் இருந்ததும் உண்டு. எங்குச் சென்றாலும் யாழ் உடன்சென்றது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றுக் கொழும்பிலே பணிபுரிந்தார். யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய தலத்திலே, அரங்கேறியது. நூலிற் கண்டவாறு செய்த யாழ்கள் ஆங்கே ஊர்வலமாய்க் கொண்டுவரப்பட்டன. அவற்றை மீட்டி இசை நிகழ்த்தினர். தேவாரவியல் என ஓரியலே வகுத்துத் திருமுறைப் பண்களை ஆராய்ந்த நூலுக்கு இதனினும் தக்க அரங்கு வாய்த்தல் அரிது. நோயினால் மெலிந்திருந்தும் அவ்விழாவிலே அடிகள் கலந்துகொண்டார். மீண்டு கொழும்பை அடைந்தவர் 1947 ஜூலை 19ஆம் நாள் இறைவன் திருவடி எய்தினார். திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிவாநந்த வித்தியாலயச் சூழலிலே அடக்கம் செய்யப்பெற்றது.

மதங்க சூளாமணி தொடாது விட்ட வட்டக்களரியை அடிகளின் மாணாக்கர் ஒருவர் தொட்டார். அவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1952இல் பல்கலைக்கழகம் மாவலிக்கரையிலுள்ள பேராதனைக்கு மாறியது; மலைசூழ்ந்த அவ்வளாகம் மாணாக்கரும் ஆசிரியரும் வாழும் கல்வி நகராயிற்று. 1956இல் சரச்சந்திரர் மனமே என்னும் சிங்கள நாடகத்தைப் பழைய நாடகமரபினின்று ஆக்கி அரங்கேற்றிப் புகழ்பெற்றார். அந்நெறியைக் கண்ட வித்தியானந்தன், மட்டக்களப்பு ஊர்களிலிருந்து வந்த மாணாக்கரையும், அவர்தம் ஊர் அண்ணாவியாரையும் துணைக்கொண்டு, விடியும்வரை ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குள் அடங்கச் சுருக்கி, வட்டக்களரியினின்று மேடைக்கு ஏற்றினார். கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1964இலும், வாலி வதை 1967இலும் அவ்வாறு ஆடப்பட்டன. இரவு முழுதும் ஆடுதற்குரிய ஒன்றை இங்ஙனம் குறுக்கியது தகுமோ என்று வினவியோரும் உண்டு. அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் பட்டம் பெறவந்த இளைஞர் தம் தந்தையர் ஆடிய கூத்தை நாணமின்றிப் பல்கலைக்கழக மேடையில் ஆடியமை முன்னர்க் காணப்படாத காட்சி. கிராமத்து அண்ணாவியார் ஒருவர் பேராசிரியர் நடுவே ஆசானாய் அமர்ந்து மத்தளம் கொட்டியமையும் அத்தகையதே.

பின்னாளில் மட்டக்களப்பிலே அடிகளின் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி எழுந்தது. அது வளர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் ஆயிற்று. இசையும் பரதமும் நாடகமும் ஆங்குப் பட்டப்படிப்புக்குரிய பாடங்கள். வடமோடியும் தென்மோடியும் அங்கே பயிலப்படுகின்றன. அது நிற்பதும் அடிகளின் சமாதி அமைந்த அதே கல்லடியிலேயே.