காலம் மெய்ப்பித்த கருத்தாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி

வானங்களும் பூமியும் படைக்கப்பட்ட திறத்தைச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. அவ்வாறு வானை நோக்கிச் சிந்தித்து, தாம் கண்ட உண்மை ஏற்கப்பெறுவதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த அறிஞர் ஒருவர் உளர். அவரே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி.

இவர் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் பல்கேரியாவின் வார்னா நகரில் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்து நாட்டு வணிகர். வணிகக் கல்வி பயிலும் பொருட்டு ஆறு வயதில் கிளாரசில் வாழ்ந்த பாட்டனாரிடம் அனுப்பப்பெற்றார். ஆயினும் சிறுவரின் உள்ளம் கணிதத்திலும் இயற்பியலிலுமே தோய்ந்தது. சூரிச் நகரில் உயர்கல்வி முடித்து, 1925-இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றலானார்.

1932-இல் நியூட்ரான் கண்டறியப்பட்டது. ஈராண்டுகள் கழித்து, 1934-இல், ஸ்விக்கியும் வால்டர் பாடேயும் துணிவுமிக்க கருத்தொன்றை வெளியிட்டனர். பெரிய விண்மீன் வெடித்துச் சிதறுங்கால் அதன் நடுப்பகுதி நொறுங்கி, நியூட்ரான்கள் செறிந்த சிறு கோளமாகும் என்பதே அக்கருத்து. கதிரவனினும் மிகுந்த நிறை, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்துள் அடங்கும் என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை. அவருடைய முன்கோபமும் சுடுசொல்லும் பகையை வளர்த்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. அவரோ சோர்வடையாது, பலோமர் மலையில் இரவெல்லாம் விழித்திருந்து, தம் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட விண்மீன் வெடிப்புகளைக் கண்டறிந்தார்.

1967-இல் துடிப்பு விண்மீன் கண்டறியப்பட்டபோது அவர் கருத்து உயிர் பெற்றது. 1970-இல் கென்யக் கடற்கரையிலிருந்து ஏவப்பெற்ற உகுரு செயற்கைக்கோள், 4.8 வினாடிக்கு ஒருமுறை எக்ஸ் கதிர் துடிக்கும் சென்டாரஸ் எக்ஸ்-3 என்னும் விண்பொருளை இனங்காட்டியது. துணை விண்மீனிலிருந்து ஈர்க்கப்பெறும் வாயு வட்டத் தட்டாகச் சுழன்று வந்து, காந்தப்புலத்தின் வழியே நியூட்ரான் விண்மீனின் காந்த முனைகளில் வீழ்கின்றது. வீழுமிடம் பெருவெப்பமுற்று எக்ஸ் கதிர்களைச் சொரிகின்றது. வாயு கொணரும் சுழலுந்தம் விண்மீனின் சுழற்சியை விரைவுபடுத்துகின்றது. தட்டின் வெளிப்பகுதியோடு காந்தப்புலம் பிணையுங்கால் வேகம் தணிதலும் உண்டு.

1974 பிப்ரவரி 8-இல் ஸ்விக்கி மறைந்தார். ஈராண்டுகள் கழித்து, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்னும் விண்மீனின் நிறமாலைக் கோட்டைக் கொண்டு அதன் காந்தப்புலம் அளக்கப்பட்டது. அது பூமியின் காந்தப்புலத்தினும் பல இலட்சம் கோடி மடங்கு வலியது!

இரண்டாம் உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்கு அறிவியல் நூல்களையும் இதழ்களையும் திரட்டி அனுப்பிய கொடையாளரும் இவரே. கடிந்து பேசிய நாவுக்குப் பின்னே கனிந்த நெஞ்சமும் இருந்தது. மாணவர்கள் அவருடைய சினத்தை விலக்கி, உழைப்பையும் உறுதியையும் கொடைக்குணத்தையும் கைக்கொள்வார்களாக!