கல்லான கடலுக்குப் பேரேடு எழுதிய ஸ்டோலிச்கா

நாட்டை ஆண்ட மன்னர், நாட்டுக்கு உழைத்த தலைவர், மொழிக்குத் தொண்டு செய்த புலவர் ஆகியோரின் வரலாறுகள் சங்க ஆண்டு மலர்களை அணி செய்வது வழக்கம். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவரை இவ்வாண்டு அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர் தமிழர் அல்லர். இந்நாட்டிற் பிறந்தவரும் அல்லர். ஆயினும் திருச்சிச் சீமையின் செம்மண்ணுக்கும் கருமண்ணுக்கும் அடியிற் கிடந்த ஒரு பெருங்கடலின் உயிர்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, உலகம் ஒப்பும் வகையிற் பேரேடு எழுதி வைத்தவர். அவரே பெர்டினாண்டு ஸ்டோலிச்கா.

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சிக்குக் கார்டு லைன் வழியே செல்லும் அன்பர்கள் விருத்தாசலம் தாண்டிய பின்னர் அரியலூர், கல்லக்குடி, புள்ளம்பாடி, லால்குடி ஆகிய நிலையங்களைக் கடந்திருப்பர். சன்னலுக்கு வெளியே வயலும் வறண்ட மேடும் சிமென்ட் ஆலைகளின் உயர்ந்த புகைபோக்கிகளுமே கண்ணிற் படும். கடல் அங்கிருந்து கிழக்கே வெகு தொலைவில் உள்ளது. ஆனால் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, இந்நிலப்பகுதியின் மீது கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ரயில் ஓடும் அந்நிலமே ஒரு காலத்திற் கடலடியாய்க் கிடந்தது.

இதற்குச் சான்று என்னவெனில், அங்குள்ள கற்களே. உத்தட்டூர், காரை முதலிய ஊர்களை அடுத்த ஓடைகளில் ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கல்லுருவங்கள் கிடைக்கின்றன. இவை அம்மோனைட்டு எனப்படும் உயிரின் ஓடுகள். கணவாய்க்கும் நண்டு போன்ற கரைவாழ் உயிர்களுக்கும் உள்ள வேற்றுமை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். அம்மோனைட்டு கணவாயின் குலத்தைச் சேர்ந்தது. இன்று அவ்வினம் உலகில் எங்கும் இல்லை. சில ஓடுகள் உள்ளங்கையில் அடங்கும். சில வண்டிச் சக்கரம் போன்று பெரியவை. துப்பாக்கிக் குண்டு போன்ற நீண்ட கற்கள், சிப்பிகள், நத்தைகள், கடல் முள்ளெலிகள், சுறாப் பற்கள் ஆகியனவும் உண்டு. கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லிற் பெரும்பகுதி பவழப் பூச்சிகளும் அவற்றோடு வாழ்ந்த உயிர்களும் கட்டியதே. கருடமங்கலத்துக் கல்லை மெருகேற்றினால் அதில் நெருங்கிக் கிடக்கும் சிப்பிகளும் நத்தைகளும் பூவேலை செய்தாற்போல் தோன்றும். சாத்தனூரிலோ, கல்லாகிப்போன அடிமரம் ஒன்று சுமார் 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கின்றது.

உயிர் கல்லாவது எங்ஙனம்? இறந்த சிப்பி கடலடிச் சேற்றிற் புதைகின்றது. அதன்மேல் வண்டல் படிகின்றது. அவ்வண்டலின் மேல் மற்றொரு வண்டல். சதை அழிந்து போகும். ஓட்டின் நுண்துளைகளில் நீரிற் கரைந்த சுண்ணாம்பு முதலிய தாதுக்கள் புகுந்து இறுகும். பன்னெடுங்காலம் சென்றபின் சேறு பாறையாகும். ஓடும் அதனுடன் கல்லாகும். கடல் விலகி, மழை மண்ணை அரிக்கும்போது அக்கல் வெளிப்படும். இதனையே தொல்லுயிர்ப் படிவம் என்பர்.

மைசூர்ப் பகுதியில் வாழும் நம் குடும்பத்தார்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். ஆண்டுதோறும் கொள்ளேகால், ஹனூர் வழியே மாதேஸ்வரன் மலைக்குச் செல்கின்றோம். தமிழ்நாட்டிலிருந்தும் மேட்டூர் வழியாகப் பல்லாயிரவர் வருகின்றனர். முன்னர் மைசூர் மாவட்டத்திலிருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய அம்மலையில் இத்தனை பாறை இருந்தும் ஒரு சிப்பியேனும் தென்படாதது ஏன்? அம்மலைப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு, அதற்கும் மேற்பட்ட பழமையுடையது; பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகியது. அது உருவான காலத்தில் ஓடுடைய உயிர்களே உலகில் தோன்றியிருக்கவில்லை. ஆகவே அது முதியது. ஆனால் இத்தகைய கதை சொல்லாதது. அரியலூர்ப் பாறை அதனை நோக்கக் குழந்தை; ஆனால் வாய் ஓயாது பேசுவது. மேலும் ஒன்று. மாதேஸ்வரன் மலைப் பாறையின் குலத்தைச் சேர்ந்த பழம்பாறைகளே அன்று அரியலூர்க் கடலுக்கு மேற்குக் கரையாக நின்றன. உத்தட்டூர்ப் பக்கத்தில், அலை மோதி உருட்டிய அப்பாறைத் துண்டுகள் கடற்படிவுகளின் அடியில் இன்றும் காணப்படுகின்றன. கற்பாறைக் கடற்கரை ஒன்று கடலின்றி அங்கே நிற்கின்றது எனலாம்.

இச்செல்வத்தை முதலில் உலகிற்கு அறிவித்தவர்கள் கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர். 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இவர்கள் திரட்டியவற்றை இலண்டனில் எட்வர்டு போர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் நூலாக்கினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தோன்றிய பின்னர், ஹென்றி பிளான்போர்டு என்பார் தம் குழுவினருடன் இப்பகுதியை ஊர் ஊராக அளந்து, பாறைகளை உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். 1862-இல் வெளிவந்த அவர்தம் அறிக்கையால் நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் ஏடுகளில் ஏறின. திரட்டிய கற்கள் கல்கத்தா சென்று குவிந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்து இன்னது இன்னதெனச் சொல்லவல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் கடலே இல்லாத நாட்டிலிருந்து வந்தார். அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசில் அடங்கியதும், இன்று செக் குடியரசைச் சேர்ந்ததுமான மொராவியாவில், குரோமெரீஷ் நகரை அடுத்த ஒரு வேட்டை மாளிகையில் 1838-இல் ஸ்டோலிச்கா பிறந்தார். தந்தையார் காடு காக்கும் உத்தியோகம் பார்த்தவர். பிராகு நகரிலும் வியன்னாவிலும் கற்ற ஸ்டோலிச்கா, 1861-இல் வியன்னாவின் நிலவியல் துறையில் அமர்ந்தார். இந்தியத் துறையின் தலைவரான தாமஸ் ஓல்டாம் அவர்தம் திறமை அறிந்து அழைக்க, 1862-இன் இறுதியிற் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. மொழி வேறு, உணவு வேறு, வெயில் வேறு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு அந்த முதல் ஆண்டின் தனிமையை விளக்க வேண்டுவதில்லை.

அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பணியைக் கேட்டால் சிலர்க்குச் சலிப்புத் தோன்றலாம். பிறர் வெயிலில் நடந்து திரட்டிய கற்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் கழுவி, அளந்து, சுருள் எத்தனை, வரி எத்தனை, அறைகளின் சுவர் ஓட்டைத் தொடும் கோடு எவ்வாறு வளைகின்றது என்று நோக்கி, ஐரோப்பிய நூல்களிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, முன்பே பெயருள்ளதாயின் அப்பெயரையும், புதிதாயின் புதுப்பெயரையும் எழுதுதல் வேண்டும். இரண்டு கற்கள் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல என அறிய வேண்டும். வேறுபோல் தோன்றும் இரண்டு, ஒரே உயிரின் இளமையும் முதுமையும் எனவும் தெளிய வேண்டும். கல்லுடன் வந்த சீட்டு மிக முக்கியம். எந்த ஊர், எந்த அடுக்கு என்னும் குறிப்புத் தொலைந்துவிடின், அரிய படிவமும் லேபிள் கிழிந்த பார்சல் போல் எங்கும் சேராமற் கிடக்கும். பதிவேடும் பேரேடும் எழுதியே காலங்கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு அப்பணியின் பெருமை எளிதில் விளங்கும்.

இப்பணியை அவர் பத்தாண்டுகள் விடாது செய்தார். பிளான்போர்டு தொடங்கி வைத்ததன் தொடர்ச்சியாக அம்மோனைட்டுகளை முதலில் முடித்தார். பின்னர் நத்தை வகைகள். பின்னர் இரட்டை ஓட்டுச் சிப்பிகள். இறுதியாகக் கடல் முள்ளெலி, பவழம் முதலியன. தென்னிந்தியக் கிரிடேஷியஸ் காலத்து உயிர்களைப் பற்றிய இந்நூல் நான்கு பெருந்தொகுதிகளாக, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டதாக, நுட்பமான படங்களுடன் 1873-இல் நிறைவுற்றது. அரியலூர், உத்தட்டூர்க் கற்களை ஆராயப் புகும் எவரும் இன்றும் முதலில் விரிக்கும் நூல் இதுவே.

பெயர் எழுதுவதால் விளைந்த பயன் யாது? இன்ன சிப்பி இன்ன காலத்தது எனத் துணிந்தபின், நம் நாட்டுப் பாறையின் வயதை ஐரோப்பியப் பாறையின் வயதோடு பொருத்திப் பார்க்க வழி பிறந்தது. அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. திருச்சிப் பக்கத்துப் படிவங்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையிற் கிடைத்தவற்றை ஒத்திருந்தன. ஆனால் இதே இந்தியாவில் நருமதைப் பள்ளத்தாக்கிற் கிடைத்தவற்றோடு அவ்வளவு ஒத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டாரை விடக் கடல் கடந்த வீட்டார் உறவினராய் இருந்தது ஏன் என அக்காலத்தார் திகைத்தனர். பிற்காலத்தில், கண்டங்கள் நகர்பவை என்பதும், இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்க்டிகா ஆகியவற்றுடன் ஒட்டியிருந்து பிரிந்தது என்பதும் தெளிந்தபோது அத்திகைப்பு நீங்கிற்று. அவ்வுண்மைக்கு முன்னரே சாட்சியம் எழுதி வைத்த ஏடுகளுள் ஸ்டோலிச்காவின் ஏடும் ஒன்று.

மேசையோடு அவர் நின்றுவிடவில்லை. 1864, 1865 ஆண்டுகளில் இமயத்தின் ஸ்பிதிப் பகுதிக்குச் சென்று, அங்குள்ள பாறை அடுக்குகளை முறைப்படுத்தினார். லிலாங், குலிங், மூத் என்று அவர் இட்ட பெயர்கள் நிலைபெற்றன. நம் பூசை அறைகளில் வைத்து வழிபடும் சாளக்கிராமத்தை அன்பர்கள் அறிவர். கண்டகி ஆற்றிற் கிடைக்கும் அக்கல்லினுள் காணப்படும் சக்கரமும் அம்மோனைட்டே. ஸ்பிதியின் கரிய பாறையிலும் அவ்வகைப் படிவங்கள் நிறைந்துள்ளன. உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரும் கடலடியிலிருந்து எழுந்ததே என்பதற்கு அவை சான்று. இவையன்றி, கச்சுப் பகுதியிலும் பர்மாவிலும் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளிலும் திரிந்து பறவை, பாம்பு, வெளவால் ஆகியவற்றை ஆராய்ந்தார். தமிழர் பெருவாரியாகக் குடியேறிய பினாங்குத் தீவின் நிலத்து நத்தைகளைப் பற்றியும் எழுதினார். வங்காள ஆசியச் சங்கத்தின் இயற்கை நூல் பிரிவுக்குச் செயலாளராகவும் தொண்டாற்றினார்.

1873-இல், தம் பெருநூல் முடிந்த ஆண்டிலேயே, போர்சைத் என்பார் தலைமையில் யார்க்கந்துக்குச் சென்ற தூதுக்குழுவில் அறிவியலாளராகச் சேர்ந்தார். லே நகர் கடந்து, காரகோரம் தாண்டி, யார்க்கந்து, காஷ்கர் சேர்ந்து, பாமீர்ப் பீடபூமியும் கண்டார். வழியெங்கும் கல்லும் உயிரும் திரட்டினார். திரும்பும் வழியில் 1874 ஜூன் மாதம், 5,500 மீட்டர் உயரத்திற்கு மேற்பட்ட காரகோரக் கணவாயைக் கடந்தபோது மலைநோய் பற்றியது. உயரமான இடங்களிற் காற்றின் அழுத்தம் குறைவதால் உடலுக்குப் போதிய பிராணவாயு கிட்டாமல் வரும் நோய் அது. லடாக்கின் முர்கோ என்னும் தங்கலிடத்தில் ஜூன் 19-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. நாற்பதைக் காணாத வயது. லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாக எழுப்பிய கல் தூண் அங்கு உள்ளது. அவர்தம் குறிப்புகளையும் சேகரிப்பையும் அடிப்படையாகக் கொண்டு, உடன் உழைத்த அறிஞர் பலர் 1878 முதல் பல பகுதிகளாக நூல் வெளியிட்டனர். ஓர் அம்மோனைட்டுக் குலத்திற்கும், ஒரு பாம்புக் குலத்திற்கும், பாலைநிலச் சிறு பறவை ஒன்றிற்கும் அவர் பெயரே வழங்குகின்றது. அவ்வம்மோனைட்டு நம் உத்தட்டூர்ப் பாறைகளிலேயே கிடைப்பது பொருத்தமானது.

இனி நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டுச் சிமென்ட் ஆகின்றது. சரக்கு வண்டிகளில் ஏறி ஊர் ஊராகச் சென்று நம் வீட்டுச் சுவராகவும் பள்ளிக் கூரையாகவும் நிற்கின்றது. தொழில் வேண்டும்; அதனை வேண்டாமெனக் கூறுவார் யாரும் இலர். ஆனால் சூளைக்குச் சென்ற படிவம் மீளாது. அத்தகையவற்றுள் பலவற்றை இனி ஏட்டிலே மட்டுமே காண இயலும். ஆகையால் ஊர் செல்லும் அன்பர்கள் தம் பிள்ளைகளை அரியலூரை அடுத்த வாரணவாசியின் தொல்லுயிர் அருங்காட்சியகத்திற்கும் சாத்தனூர்க் கல்மரத்திற்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுதல் நன்று. ஓடையில் ஒரு சிப்பிக்கல் கண்டால் அதனை உடைக்காமலும் விலை பேசாமலும், கண்ட இடத்தின் பெயரோடு அருங்காட்சியகத்தார்க்குத் தெரிவிக்கும் பழக்கத்தை இளைஞர்க்கு ஊட்டுதலும் நம் கடன்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர், வந்த மண்ணை வெறும் சம்பளத்திற்குரிய இடமாகக் கருதலாம். அன்றி அதனைக் கூர்ந்து அறிந்து, அதற்குத் தம்மால் இயன்றதைச் சேர்க்கலாம். ஸ்டோலிச்கா இரண்டாவது வழியைத் தேர்ந்தார். கன்னட நாட்டின் நிழலில் வாழும் நம் குடும்பங்களும், சோறிடும் இம்மண்ணின் மொழியையும் மலையையும் மக்களையும் அவ்வாறே அன்புடன் அறிந்து, நம் பெயரிலும் இங்கு நல்ல பதிவு ஒன்றை விட்டுச் செல்வோமாக.

வாழ்க அன்னார் புகழ்!