பிரேத மனிதனைத் தமிழுக்குத் தந்தவர்

திருப்பாதிரிப்புலியூர் என்றதும் பாடலீசுவரரும் அப்பரடிகளும் நினைவில் எழுவது இயல்பு. நவீனத் தமிழ் இலக்கியத்துக்கும் அவ்வூர் பெருங்கொடை அளித்துள்ளது. 1906 ஏப்ரல் 25ஆம் நாள் அங்குப் பிறந்த சொ. விருத்தாசலமே பின்னாளில் புதுமைப்பித்தன் ஆனார். பெயரும் இம்மண்டலத்து ஊர்ப்பெயரே. தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியில் ஊர் ஊராக மாற்றப்பட்டதால் தொடக்கக் கல்வி செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனக் கழிந்தது. எட்டு வயதில் தாய் பர்வதத்தம்மாளை இழந்தார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது.

நெல்லை இந்துக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்ற 1931, பேசும்படத்துக்கும் திருப்புமுனையான ஆண்டு. அமெரிக்காவில் ‘டிராகுலா’வும் ‘பிராங்கன்ஸ்டைன்’னும் அவ்வாண்டே வந்தன. அக்டோபர் 31இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியாயிற்று. மேலைத்திரை, புதிதாகக் கிடைத்த ஒலியைக் கொண்டு அச்சத்தையும் வளர்த்தது. தமிழ்த்திரையோ பாட்டையும் புராணத்தையும் நாடிற்று. இங்குப் பேய்க்கு இடமளித்தது எழுத்துலகமே.

1934 முதல் ‘மணிக்கொடி’யில் எழுதிய புதுமைப்பித்தன், பின்னர் ‘தினமணி’யில் பணிபுரிந்தார். வறுமைக்கும் நையாண்டிக்கும் நடுவே அமானுடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘செவ்வாய் தோஷம்’ போன்ற கதைகளின் உச்சமாக 1943இல் ‘காஞ்சனை’ பிறந்தது. பாழடைந்த மாளிகை அதில் இல்லை. கணவனும் மனைவியும் வாழும் சாதாரண வீடு. நள்ளிரவில் அங்கு எழும் வாசனையே நம்மை நடுங்கவைக்கிறது. எந்தப் படச்சுருளிலும் பதியாத ஒன்றைக் கொண்டு அவர் அச்சமூட்டினார். நடந்தது பேயின் செயலா, மனத்தின் மயக்கமா என்பதையும் தீர்த்துச் சொல்லவில்லை.

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவரும் அவரே. 1931ஆம் ஆண்டுப் படத்தில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற அவ்வுரு உறுமுமேயன்றிப் பேசாது. நாவலிலோ தன்னைப் படைத்தவனிடம் அது நீதி கேட்கும். கைவிடப்பட்டவர்களின் கதைகளையே எழுதிவந்தவரை அந்நாவல் ஈர்த்ததில் வியப்பில்லை.

வறுமை அவரையும் திரையுலகுக்கு இழுத்தது. ‘காமவல்லி’க்கு வசனம் எழுதினார். தாயின் பெயரை நினைவூட்டும் பர்வதகுமாரி நிறுவனத்தைத் தொடங்கித் திட்டமிட்ட ‘வசந்தவல்லி’ திரையை எட்டவேயில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்காகப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. திருவனந்தபுரத்தில் 1948 ஜூன் 30ஆம் நாள், 42 வயதில் மறைந்தார். அதன் பின்னரே ‘ராஜமுக்தி’ வெளிவந்தது.

‘காஞ்சனை’யை எழுதியவரிடம் அன்றைய தமிழ்த்திரை ஒரு பேய்க்கதைகூடக் கேட்டு வாங்கவில்லை. அவருடைய நூல்கள் 2002இல் நாட்டுடைமையாயின. காஞ்சனையோ இன்றும் இரவில் தனித்துப் படிப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறாள். அவள் படைப்பாளி இம்மண்ணில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. உயிரோடிருந்தபோது அவரைத் தமிழுலகம் காக்கத் தவறியது நமக்குப் பாடம்.